உறவினர்: இல்லை

ஜனவரி 11

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை. அது தனி ஆள் போல என்னோடு குடித்தனம் நடத்துகிறது. மகன், மருமகள், பேத்தி மூவரும் நலம். உன் கண் எப்படி இருக்கிறது என்று எழுது. போன கடிதத்தில் உன் எழுத்து வரியை விட்டு இறங்கியிருந்தது.

நீ பின்னி அனுப்பிய பன்னிரண்டு ஸ்வெட்டரும் விடுதிக்கு வந்து சேர்ந்தன. பின்னல் நெருக்கமாக, நன்றாக இருக்கிறது. அவை எங்கே போயின என்று நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விருந்தாளி அலமாரிக்குப் போயின. நாம் இரண்டு பேரும் இதே விடுதியில் பிள்ளைகளாக இருந்தபோதே அந்த அலமாரி உண்டு, உனக்கு நினைவிருக்கும். அன்று மரம், இன்று இரும்பு. வேறு மாற்றம் இல்லை. கொடை கொடுப்பவர்கள் பார்க்க வரும் நாளில் திறப்பார்கள், பிள்ளைகளுக்கு மாட்டிப் படம் எடுப்பார்கள், சாயங்காலம் கழற்றி வாங்கி என்னிடம் துவைக்கத் தருவார்கள். மற்ற நாளில் பிள்ளை நடுங்கிக்கொண்டே அலமாரியைத் தாண்டிப் போகும். சாவி, மேற்பார்வை அம்மாவின் இடுப்பில். அவளுக்கு நாங்கள் வைத்த பெயரே சாவிக்கொத்து.

எழுத வந்தது வேறு. நவம்பர் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, நல்ல மழையில் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மூத்தவளுக்குப் பதினொன்று, இளையவளுக்கு ஐந்து. மூத்தவள் மூங்கில் மாதிரி வளர்ந்தவள், நெட்டை என்று கூப்பிடுகிறார்கள். சின்னவளுக்குப் பேன் தாங்காமல் தலையை மழித்தோம், அதனால் மொட்டை. பெயர் வைப்பதில் இந்த விடுதிப் பிள்ளைகளுக்கு இரக்கமே கிடையாது. வந்தபோது இரண்டு பேரின் கவுன் ஓரமும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. இரட்டை முடிச்சு. நனைந்து இறுகிப்போய் என் நகத்துக்கு வரவில்லை. கவுனோடு கழற்றித்தான் பிள்ளைகளைப் பிரித்தேன்.

வந்த உடுப்பை எரித்துவிட வேண்டும் என்பது இங்கே விதி. பின்பக்கம் அதற்கென்றே தகர டிரம் இருக்கிறது. இருபத்தேழு வருடமாக எரித்துக்கொண்டிருப்பவள் நான்தான். இதை எரிக்கவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மொட்டையை உன் நகரத்தில் இருக்கும் புது இல்லத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். ஒன்றரை வருடமாக நடக்கும் இல்லம். ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள்தான் வேண்டுமாம். நெட்டை இங்கேயே. அவள் என்னிடம் வந்து, "பாட்டி, அவ போற இடத்துல துணி துவைக்க ஆள் இருக்கா? இல்லன்னா நான் வந்து துவைக்கிறேன்னு சொல்லுங்க" என்றாள்.

கையிலிருந்த துணியைக் கல்லில் ஓங்கி அடித்தேன்.

கண்ணுக்கு மருந்து போட மறக்காதே.

உன் அக்கா

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். கண்ணுக்கு அறுவை செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர், தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன். முழங்காலுக்கு ஈரத்தில் நிற்காமல் இருப்பதுதான் முதல் வைத்தியம். சலவை அறையில் நிற்பவளிடம் இதைச் சொல்வது எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

அந்தச் சிறுமியைப் பற்றி எழுதியிருந்தாய். புது இல்லத்தைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். வெளிச்சமான அறைகள், பிள்ளைக்கு ஒரு கட்டில், நல்ல ஆசிரியர்கள். அங்கே போவது அவளுக்கு நன்மையாகத்தான் முடியும். அந்த இல்லத்தின் ஆட்சிக்குழுவில் இருப்பவர்கள் யோசித்துத்தான் விதிகளை வகுத்திருப்பார்கள். நீ இந்த வயதில் மேற்பார்வை அம்மாவோடு மோதி, வேலைக்கு இடைஞ்சல் வரவழைத்துக்கொள்ளாதே.

முதலில் சில நாள் தேடுவாள். சின்னப் பிள்ளைகள் மறந்துவிடும் அக்கா.

பேத்திக்கு என் அன்பு.

உன் தங்கை

பிப்ரவரி 6

தங்கச்சிக்கு,

சுகமா என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

சின்னப் பிள்ளைகள் மறந்துவிடுமா? எந்தச் சின்னப் பிள்ளை மறந்தது, ஒருத்தியைக் காட்டு. உனக்குத் தெரிந்த ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆட்சிக்குழு யோசித்திருக்கும் என்கிறாய். அவர்கள் யோசித்த லட்சணத்தைக் கேள். போன திங்கட்கிழமை, மடித்த துணியைக் கொடுக்க அலுவலக அறைக்குப் போனேன். மேசையில் சேர்க்கைப் பதிவேடு விரித்திருந்தது. எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புதான். ஆனாலும் தலைகீழாக இருப்பதைப் படிப்பேன், இங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது தானாக வந்துவிடும். எண் எழுபத்துநான்கு, மொட்டை. உறவினர்: இல்லை. அதற்கு மேல் வரி, எண் எழுபத்துமூன்று, நெட்டை. உறவினர்: இல்லை.

"ஏம்மா, இவளுக்கு அக்கா இருக்காளே, எழுதலையா?" என்றேன்.

"எழுதினா யாருமில்லாத பிள்ளைன்னு ஆகாது பாட்டி. புது இல்லத்துல யாருமில்லாதவங்களைத்தான் எடுப்பாங்க. விதி அப்படி" என்றாள் சாவிக்கொத்து.

"அப்போ பக்கத்துல நிக்கிறவ யாரு?"

"அவளும் யாருமில்லாதவதான். அவளுக்கும் அப்படித்தானே எழுதியிருக்கு."

"யாருமில்லாத ரெண்டு பேரு ஒருத்தி கையை ஒருத்தி பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நல்லாத்தான் இருக்கு."

"நீங்க துணி துவைக்க வந்தவங்க, அதை மட்டும் பாருங்க."

"அழுக்கு கண்ணுல பட்டாத்தானேம்மா துவைக்க முடியும்."

அவள் பதிவேட்டை மூடினாள். மூடினால் என் மூளையும் மூடிக்கொள்ளும் என்று நினைத்துவிட்டாள், பாவம். இந்த இருபத்தேழு வருடத்தில் எந்தப் பிள்ளை யாரோடு வந்தது, என்ன உடுத்தி வந்தது, யார் கையை விடாமல் அழுதது, எல்லாம் எனக்குள்ளே வரிசையாக இருக்கிறது. அவள் ஏட்டைப் பூச்சி தின்னலாம். என்னைத் தின்ன முடியாது.

நீ பெரிய படிப்புப் படித்தவள். நாலு பெரிய மனிதர்களைத் தெரிந்தவள். அந்த ஆட்சிக்குழுவுக்கு ஒரு மனு எழுது. என் எழுத்தைப் பார்த்தாலே ஓரமாகப் போட்டுவிடுவார்கள். யாருமில்லாத பிள்ளைதான் வேண்டும் என்று விதி எழுதிய அந்தப் புண்ணியவான் யாரோ, ஒரு நாள் என் துவைகல்லுக்கு எதிரே நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும், அக்கா என்றால் ஆள் கணக்கில் வராதா என்று.

அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். கண் வலியால் அதிகம் எழுத முடியவில்லை. உனக்கு ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன், இரண்டாக மடித்து முழங்காலுக்குப் போட்டுக்கொள். அலமாரிக்குள் போக விட்டுவிடாதே.

பேத்தி பரீட்சை எழுதிவிட்டாளா?

அந்தப் பெரிய பெண் அழுகிறாளா?

உன் தங்கை

மார்ச் 9

சலவைப் பிரிவு ஊழியருக்கு,

தாங்கள் விடுதி நிர்வாகத்துக்குக் கையால் எழுதிக் கொடுத்த மனு பரிசீலிக்கப்பட்டது. எண் 73, எண் 74 ஆகிய பிள்ளைகளுக்கிடையே உறவு இருப்பதாகப் பதிவேட்டில் சான்று ஏதும் இல்லை. எனவே எண் 74 ஏற்கெனவே முடிவு செய்தபடி ஏப்ரல் 20 அன்று புது இல்லத்துக்கு மாற்றப்படுவார்.

விதிப்படி எரிக்கப்பட வேண்டிய இரண்டு உடுப்புகளைத் தாங்கள் வைத்திருப்பதாக அறிகிறோம். அவற்றை உடனே ஒப்படைக்கவும். பிள்ளைகளின் சொந்த விஷயங்களில் தலையிடுவது தொடர்ந்தால் தங்கள் பணி குறித்து மறுபரிசீலனை செய்ய நேரிடும்.

தங்கள் நீண்டகாலச் சேவையை நிர்வாகம் மதிக்கிறது.

செயலாளர்

மார்ச் 12

தங்கச்சிக்கு,

நலமா? கம்பளி வந்தது. கதகதப்பாக இருக்கிறது. அதைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், நன்றி கெட்டவள் என்று நினைத்துக்கொள்.

நீ எழுதாததால் நானே மனு எழுதிக் கொடுத்தேன். செயலாளர் அதற்கு எழுதிய பதிலை இதோடு வைத்திருக்கிறேன், படி. சேவையை மதிக்கிறார்களாம். கவுனைக் கொடுக்கவில்லை. எரித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அறுபத்தேழு வயதில் முதல் பொய், வாயில் தடுக்காமல் வந்தது.

நேற்று அந்தப் புது இல்லத்தின் விளம்பரத் தாள் ஒரு கட்டு வந்திறங்கியது. பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லத் தேவைப்படவில்லை. உள்ளே வரவேற்பறைப் படம். அதன் சுவரில் ஒரு பெரிய மனிதரின் படம், கீழே "என் கணவரின் நினைவாக" என்று எழுத்து. நெற்றியில் இடது பக்கம் மரு. ஒரே ஒரு தடவை பார்த்த முகம். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், முகவரி தேடிப் பிடித்து உன் வீட்டுக்கு முதன்முதலாக வந்தேனே, அப்போது கதவைத் திறந்தவர். "உட்காருங்க" என்றார். உட்கார ஒன்றும் போடவில்லை. நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டு, நின்றபடியே உன்னோடு பேசிவிட்டு வந்தேன்.

ஆக, ஆட்சிக்குழு நீ. விதி எழுதிய புண்ணியவான் நீ. என்னிடமே "நானும் கேள்விப்பட்டிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். எழுதும்போது கண் வலித்திருக்கும், வலிக்கட்டும்.

ஐம்பத்தெட்டு வருடமாக நான் உன்னிடம் கேட்காதது ஒன்று உண்டு. விருந்தாளிகள் வந்த நாள். அலமாரிக் கவுன் இரண்டு பேருக்கும். உன் முதுகுப் பட்டையையும் என் முதுகுப் பட்டையையும் சேர்த்து நான் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தேன், எடுத்தால் இரண்டு பேரையும் சேர்த்து எடுக்கட்டும் என்று. எனக்கு ஒன்பது வயது, அவ்வளவுதான் யோசனை. வரிசையில் நேராக நிற்கச் சொன்னார்கள், நின்றேன். திரும்பக் கூடாது என்றார்கள், திரும்பவில்லை. முதுகில் இருந்த இழுப்பு திடீரென்று லேசாகிவிட்டது. திரும்பினால் நீ, தத்தெடுக்க வந்த அம்மாளோடு வாசலில் இருக்கிறாய்.

முடிச்சை யார் அவிழ்த்தது?

பதில் வேண்டாம். முதலில் மொட்டை விஷயத்தைச் செய்.

அக்கா

ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே? இருந்தால் அதற்கும் நான்தான் கவலைப்பட வேண்டும்.

போன சனிக்கிழமை மொட்டையைப் படம் எடுத்தார்கள், உங்கள் இல்லத்துக் கோப்பில் வைக்க. நீ பின்னிய நீல ஸ்வெட்டரை மாட்டிவிட்டார்கள். படம் முடிந்ததும் கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டேன் என்று குப்புறப் படுத்துக்கொண்டாள். சாவிக்கொத்து காலைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள். கை மடிப்பில் கிழிந்துவிட்டது, தைத்து வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நெட்டை ஊசி கேட்டு வந்தாள். "கிழிஞ்சிருக்கு பாட்டி" என்றாள். கொடுத்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. இரண்டு பேரும் படியில் இறங்கும்போது சேர்ந்தாற்போல் உருண்டார்கள். தூக்கப் போனால், இருவர் கவுனும் இடுப்பிலிருந்து ஓரம் வரை ஒன்றாகத் தைத்திருக்கிறது. நெருக்கத் தையல். மொட்டைக்கு முட்டியில் ரத்தம், ஆனாலும் சிரிக்கிறது. சாவிக்கொத்து கத்தரியைக் கொண்டுவந்து எல்லாப் பிள்ளைகளும் பார்க்க நறுக்கினாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு எனக்குச் சத்தமே கேட்கவில்லை. லேசானது மட்டும்தான் தெரிந்தது.

பெரிய பெண் அழுகிறாளா என்று கேட்டாயே. இல்லை. என்னை மாதிரி.

இன்னும் பதினெட்டு நாள்.

அக்கா

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

முடிச்சை அவிழ்த்தது நான். பல்லால். நீ எனக்கு முன்னால் நேராக நின்றுகொண்டிருந்தாய். அந்த அம்மாள் கையில் ஒரு ஜோடி ஷூ இருந்தது, என் காலளவுக்கு. "ரெண்டு பேரு வேண்டாம்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. உனக்குக் கேட்டதா என்று தெரியாது. உன் பட்டை முதுகுப்பக்கம் கொஞ்சம் ஈரமாகியிருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று யாரிடம் சொன்னாலும் சொல்வார்கள். நீ சொல்ல மாட்டாய். அதனால்தான் உன்னிடம் மட்டும் சொல்லவில்லை.

இவர் போன பிறகு அந்த இல்லத்தைக் கட்டினேன். என் இல்லத்துக்கு வரும் எந்தப் பிள்ளைக்குப் பின்னாலும் வாசலில் இன்னொரு பிள்ளை நிற்கக் கூடாது என்று நினைத்தேன். அதற்காகத்தான் "உறவினர் எவரும் இல்லாத பிள்ளைகள் மட்டும்" என்று என் கையாலேயே எழுதினேன். அக்கா தங்கையைப் பிரித்துவிடக் கூடாது என்பதற்காக எழுதிய விதி அது. அப்படிப்பட்ட பிள்ளை கிடைக்காவிட்டால் கட்டில் காலியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவர்கள் கட்டிலை நிரப்ப, பிள்ளையை விட்டுவிட்டுத் தாளைத் திருத்துவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் முதல் கடிதம் வந்த அன்றே புரிந்துவிட்டது. ஒத்துக்கொள்ள மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

சின்னப் பிள்ளைகள் மறந்துவிடும் என்று எழுதினேன். ஐம்பத்தெட்டு வருடமாக அதை எனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆட்சிக்குழுவில் நாங்கள் ஏழு பேர். பதிவேட்டில் இல்லாததை எப்படி ஏற்பது என்று மற்ற ஆறு பேரும் கேட்கிறார்கள். இருபதாம் தேதி நானே வருகிறேன். அந்த இரண்டு கவுனும் உன்னிடம் இருக்கிறதுதானே? நீ எரித்திருக்க மாட்டாய். உன் பொய்யை உன் செயலாளர் நம்பலாம், நான் நம்பவில்லை.

தங்கை

ஏப்ரல் 25

தங்கச்சிக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? ரயிலில் கண்ணில் தூசி படாமல் துணி கட்டிக்கொண்டாயா? நீ அவசரமாகக் கிளம்பிவிட்டாய், பேச நேரமில்லை. அதனால் வழக்கம்போல எழுதுகிறேன். எழுத்தில்தான் நமக்குச் சண்டை நன்றாக வருகிறது.

அலுவலக மேசையில் நான் கவுனை விரித்ததும் செயலாளர் முகம் போன போக்கை நீ பார்த்தாயோ என்னவோ, நான் பார்த்தேன். "இந்த முடிச்சை இந்தப் பாட்டியே போட்டிருக்கலாமே மேடம்" என்றார். நீ குனிந்து அதை முகத்தருகே கொண்டுபோனாய். பல்லை வைக்கப் போகிறாய் என்றே ஒரு கணம் நினைத்தேன். நீ முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாய். "இது குழந்தை போட்ட முடிச்சு. அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும். இதைப் பதிவேட்டோட சேர்த்து வைங்க" என்றாய். அதை இப்போது சமையலறை வரைக்கும் பேசுகிறார்கள். சமையல்காரி உன்னை மாதிரியே நடித்துக் காட்டுகிறாள், உன்னைவிட நன்றாக.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. செயலாளர் பேனாவைத் திறந்து, எழுபத்துமூன்றில் "தங்கை: 74" என்றும், எழுபத்துநான்கில் "அக்கா: 73" என்றும் எழுதி மூடப் போனார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். "மூடாதீங்க சார், இன்னும் இருக்கு" என்றேன். எண் எட்டும் எண் ஒன்பதும் அண்ணன் தங்கை, ஒரே கம்பளியில் சுற்றி வந்தவர்கள். எண் முப்பத்தொன்று வந்த அன்று எண் முப்பதின் தலையை மடியில் வைத்திருந்தான். சொல்லச் சொல்ல அவர் எழுதினார். சாவிக்கொத்து, "அதெல்லாம் எப்படிப் பாட்டி ஞாபகம் இருக்கும்?" என்றாள். "நீ என்னைத் திட்டின தேதி எல்லாமும் ஞாபகம் இருக்கும்மா, சொல்லவா?" என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். சாப்பாட்டு மணிக்குள் பதினோரு பிள்ளைகளுக்கு உறவு முளைத்தது. எல்லாரும் இதே வீட்டில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்.

இப்போது நான் சொல்வதை உட்கார்ந்து படி. எண் பத்தொன்பதும் எண் ஐம்பத்திரண்டும் போன வருடமே உன் இல்லத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். ஒருவனுக்கு அண்ணன் இங்கே இருக்கிறான், ஒருத்திக்கு அக்கா இங்கே இருக்கிறாள். உன் வெளிச்சமான அறையில் அந்த இரண்டு பேரும் கட்டில் போட்டுத் தூங்குகிறார்கள். நீ அவர்களைத் தினமும் பார்த்திருப்பாய், ஸ்வெட்டர் பின்னித் தந்திருப்பாய். பதிவேட்டில் திருத்துவதற்கு என் வாய் போதும். அவர்களைச் சேர்ப்பதற்கு உன் கால் வேண்டும். உன் கண் அறுவைக்கு முன்னால் இதைச் செய்.

அலமாரி விஷயம். உனக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு திறந்தாளே, நீ தெரு முனை திரும்புவதற்குள் பூட்டிவிட்டாள். பரவாயில்லை. பிள்ளைகளிடம் கழற்றி வாங்கிய ஸ்வெட்டரெல்லாம் வழக்கம்போல என் சலவைக்குத்தான் வந்தன. காய்ந்ததும் பிள்ளைகளிடம் நேராகக் கொடுத்துவிட்டேன். அலமாரியில் இப்போது பூட்டு இருக்கிறது, துணி இல்லை. நீலம், அக்காவோடு இங்கேயே தங்கிவிட்ட மொட்டையிடம். தூங்கும்போதும் கழற்றுவதில்லை. நெட்டைக்கு எதுவும் அளவில்லை, நீளக் கை வைத்து ஒன்று பின்னி அனுப்பு.

நீ ஒன்று எழுதாமல் விட்டாய். ஷூ சிவப்பு. வலது காலில் வார் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தது, அதனால் நீ கொஞ்சம் சாய்ந்து நடந்தாய். விழுந்துவிடுவாயோ என்று வாசல் தாண்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். விழவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. இருபதாம் தேதி நீ அலுவலகத்தோடு திரும்பிவிட்டாய், சலவை அறைப்பக்கம் வரவில்லை. அடுத்த தடவை அந்த இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வா. உட்காரச் சொல்லிவிட்டு நிற்க வைக்கும் வீடு இல்லை இது. உனக்கு நாற்காலி துடைத்துப் போட்டிருக்கிறேன்.

அக்கா